கொடுத்த கணக்கும் பெற்ற கணக்கும்: பெரிய கோப்புகளைக் கம்பியின்றி மாற்றும் முறை

மும்பை மாட்டுங்காவில் நான் பணியாற்றும் கிளைக்கு, ஓய்வூதியம் வரவாகும் மாதத் தொடக்க நாள்களில் மூத்த வாடிக்கையாளர்கள் பலர் வருவது வழக்கம். அவர்களுள் ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவரும் உண்டு. வயது எழுபது. கைபேசியிலேயே இருப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ளப் பழகியவராதலால், அவர் கிளைக்கு வருவது அரிது. அன்று வந்தவர் கைபேசியை என்னிடம் நீட்டினார். வங்கிச் செயலி புதிய பதிப்பைக் கேட்கிறது. பதிவிறக்க முயன்றாலோ போதிய இடமில்லை என்று கைபேசி மறுக்கிறது. இதுவே அவருடைய சிக்கல்.

64 ஜிபி கொள்ளளவு கொண்ட அந்தக் கைபேசியில் 38 ஜிபி அளவுக்கு ஒளிப்படங்களும் காணொளிகளும் நிறைந்திருந்தன. சிலவற்றை நீக்கிவிடலாமே என்று சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுக்காரி தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு சார். அவ குரல் இதுல மட்டும்தான் இருக்கு" என்றார். அருகிலுள்ள பழுதுபார்க்கும் கடையில், கைபேசியைத் திறக்கும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் விட்டுச் சென்றால் அனைத்தையும் வேறிடத்திற்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்களாம். மாலையில் கொடுப்பதாக இருந்தார்.

கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் குடியிருப்பது என் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளித்தான். ஞாயிற்றுக்கிழமை நானே வருவதாகச் சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிறன்று அவரும், கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தியும், நானும் சேர்ந்து செய்த பணியையே இக்கட்டுரையில் பாடமாகத் தருகிறேன். கணினித் துறையில் நான் வல்லுநன் அல்லேன், வணிகவியல் படித்தவன். ஆயினும், கோப்புகளை மாற்றும் இப்பணிக்கு நான் கற்ற கணக்குப்பதிவியலே பெரிதும் துணைநின்றது.

வங்கி இதழில் இது எதற்கு?

இன்று நம் கைபேசியே நம் வங்கி முகப்பு. வங்கிச் செயலி, யுபிஐ செயலி, ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் குறுஞ்செய்திப் பெட்டி, ஆதார் அட்டையின் படம், காசோலையின் படம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு கருவியிலேயே உள்ளன. கோப்புகளை மாற்றித் தருகிறோம் என்று கேட்பவரிடம் கைபேசியைத் திறந்த நிலையில் ஒப்படைப்பது, பெட்டகத்தின் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குச் செல்வதற்கு ஒப்பாகும். கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்த நேர்மையை நம்பியிருக்க வேண்டிய தேவையே நமக்கு இல்லை. வேண்டிய கருவிகள் பெரும்பாலும் நம் கைபேசியிலேயே உள்ளன. அவற்றுக்குக் கட்டணமில்லை, இணையத் தரவும் செலவாவதில்லை.

முதற்பாடம்: பிட்டும் பைட்டும்

எந்த வழியில் அனுப்புவது என்று முடிவுசெய்யுமுன் ஒரு சிறு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கோப்பின் அளவைப் பைட்டில் கூறுகிறோம். அனுப்பும் வேகத்தைப் பிட்டில் கூறுகிறோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே, நொடிக்கு 80 மெகாபிட் வேகம் என்றால், ஒரு நொடியில் செல்வது 10 எம்பி மட்டுமே. 1 ஜிபி என்பது ஏறத்தாழ 8,000 மெகாபிட். இந்த 8,000 என்னும் எண்ணை வேகத்தால் வகுத்தால், 1 ஜிபி சென்று சேர எத்தனை நொடியாகும் என்பது கிடைத்துவிடும்.

புளூடூத் வழியே நடைமுறையில் கிடைப்பது நொடிக்கு 2 மெகாபிட் அளவே. எனவே 1 ஜிபி அனுப்ப 4,000 நொடி, அதாவது 1 மணி 7 நிமிடம் ஆகும். பெரியவரின் 38 ஜிபியை இவ்வழியில் அனுப்பினால் 42 மணி நேரத்திற்கு மேல் பிடிக்கும். அவருடைய பேத்தி முந்தைய நாளே இவ்வழியில் முயன்று, இரண்டு மணி நேரம் காத்திருந்து, ஒரே ஒரு காணொளியை அனுப்பிவிட்டுக் கைவிட்டிருந்தார்.

வைஃபை வழியே நொடிக்கு 160 மெகாபிட் கிடைக்கிறது என்று கொள்வோம். அப்போது 1 ஜிபி செல்ல 50 நொடி போதும்; 38 ஜிபியும் சுமார் 32 நிமிடத்தில் சென்றுவிடும். 42 மணி நேரம் எங்கே, 32 நிமிடம் எங்கே! கருவிகள் இரண்டும் மாறவில்லை. வழி மட்டுமே மாறியது.

இணையச் சேமிப்பகத்தில் ஏற்றுவது மூன்றாவது வழி. கூகுள் கணக்கு ஒன்றுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் 15 ஜிபி. மின்னஞ்சல், ஒளிப்படம், கோப்பு அனைத்துக்கும் பொதுவானது. 38 ஜிபிக்கு அது போதாது. மேலும், நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றுவேகம் உள்ள இணைப்பில் 38 ஜிபியை ஏற்றி முடிக்க எட்டரை மணி நேரம் ஆகும். ஒரே அறையில் இருக்கும் இரு கருவிகளுக்கிடையே மாற்றுவதற்கு இவ்வளவு தொலைவு சுற்றிச் செல்ல வேண்டியதில்லை.

மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் இதற்கு உகந்தவை அல்ல. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாக அனுப்ப இயலாது. வாட்ஸ்அப்பில் படத்தையோ காணொளியையோ வழக்கம்போல் அனுப்பினால், அளவைக் குறைப்பதற்காக அதன் தெளிவும் குறைக்கப்படுகிறது. ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது. 2 ஜிபி வரை அனுப்பலாம். ஒன்றிரண்டு கோப்புகளுக்கு இது போதும். ஓராயிரம் கோப்புகளுக்கு ஏற்றதன்று.

இரண்டாம் பாடம்: புளூடூத்தும் வைஃபையும் கைகோர்க்கும் முறை

புளூடூத் குறைந்த மின்சக்தியில், குறுகிய தொலைவில், சிறிய செய்திகளைப் பரிமாறுவதற்காக உருவானது. எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய முயற்சி அது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு புளூடூத் என்னும் அரசரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. காதணி ஒலிபெருக்கிக்கும் கைக்கடிகாரத்திற்கும் அது போதும். பெருங்கோப்புகளைச் சுமக்கும் வலிமை அதற்கு இல்லை.

வைஃபை அகன்ற சாலை. அதிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகள் பரவலாகப் பயன்படுகின்றன. முன்னது சுவரைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும்; ஆனால் அண்டை வீட்டாரின் வைஃபை, புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எனப் பலவும் அதே வரிசையில் நெரிசலை உண்டாக்கும். பின்னது விரைவானது, தொலைவு குறைந்தது. ஒரே அறையில் கோப்புகளை மாற்றுவதற்கு 5 கிகாஹெர்ட்ஸே நல்லது.

வைஃபை வழியிலும் இருவகை உண்டு. இரு கருவிகளும் வீட்டிலுள்ள ரவுட்டர் வழியாகப் பேசிக்கொள்வது ஒன்று. இடையில் ரவுட்டர் இன்றி நேரடியாகப் பேசிக்கொள்வது மற்றொன்று. ரவுட்டர் வழியே செல்லும்போது, கைபேசியிலிருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரிலிருந்து கணினிக்கும் என அதே தரவு காற்றில் இருமுறை பயணம் செய்கிறது. இரு கருவிகளும் ஒரே அலைவரிசையில் இருந்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். நேரடி வழியில் இந்த இழப்பு இல்லை.

இன்றைய பகிர்வு வசதிகள் இவ்விரு தொழில்நுட்பங்களையும் இணைத்தே இயங்குகின்றன. அருகில் யார் இருக்கிறார் என்று கண்டறிவது புளூடூத்தின் வேலை. கண்டறிந்த பின்னர்ச் சுமையைத் தூக்கிச் செல்வது வைஃபையின் வேலை. இக்காரணத்தால், அனுப்பும்போது இரு கருவிகளிலும் புளூடூத், வைஃபை இரண்டையும் இயக்கி வைக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: எந்தக் கருவிக்கு எந்த வழி?

ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்போருக்கு உரியது குயிக் ஷேர். கூகுள் நிறுவனம் 2020இல் நியர்பை ஷேர் என்ற பெயரில் தந்த வசதி, 2024 ஜனவரியில் சாம்சங்கின் குயிக் ஷேருடன் இணைந்து இப்பெயரைப் பெற்றது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு இடையே அனுப்ப எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிக்கு அனுப்புவதாயின், கணினியில் மட்டும் குயிக் ஷேர் செயலியைக் கூகுளின் அல்லது சாம்சங்கின் அதிகாரப்பூர்வ வழியில் பெற்று நிறுவிக்கொள்ள வேண்டும்.

ஐபோனும் மேக் கணினியும் வைத்திருப்போருக்கு உரியது ஏர்டிராப். அது அக்கருவிகளோடு சேர்ந்தே வருகிறது.

ஐபோனிலிருந்து விண்டோஸ் கணினிக்கு என்பதுபோல் இருவேறு குடும்பக் கருவிகள் இருக்கும் வீட்டில், லோக்கல்செண்ட் என்னும் செயலி உதவும். இது கட்டணமற்றது, விளம்பரமற்றது, இதன் மூலநிரல் எவரும் பார்வையிடத்தக்கவாறு வெளிப்படையாக உள்ளது. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய அனைத்திலும் இயங்கும். இரு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். இணைய இணைப்பு தேவையில்லை.

வீட்டில் ரவுட்டரே இல்லாதவர்கள், கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கிக் கணினியை அதனோடு இணைக்கலாம். அப்போது கைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுவது நன்று. இல்லையெனில் கணினி தன் புதுப்பிப்புகளை உங்கள் செலவில் பதிவிறக்கத் தொடங்கிவிடும்.

பெரியவரின் வீட்டில் இருந்தவை ஆண்ட்ராய்டு கைபேசியும் பேத்தியின் விண்டோஸ் மடிக்கணினியும். ஆகவே குயிக் ஷேரைத் தேர்ந்தோம். பின்பற்றிய படிகள் இவை:

1. கணினியில் எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்று பார்த்தோம். வரவேண்டிய அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

2. இரு கருவிகளையும் மின்னேற்றியில் இணைத்து, ஒரே மேசையில் அருகருகே வைத்தோம்.

3. இரண்டிலும் வைஃபை, புளூடூத் இரண்டையும் இயக்கினோம்.

4. கணினியில் குயிக் ஷேரைத் திறந்து, நம்மை யார் காணலாம் என்ற இடத்தில் அனைவரும் என்பதை அப்போதைக்கு மட்டும் தேர்ந்தோம். இருவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் எனது கருவிகள் என்பதே போதும்.

5. கைபேசியின் படத்தொகுப்பில் கோப்புகளைத் தேர்ந்து, பகிர் என்பதை அழுத்தி, குயிக் ஷேரைத் தேர்ந்து, திரையில் தோன்றிய கணினியின் பெயரைத் தொட்டோம்.

6. கணினியில் கேட்ட ஒப்புதலை அளிக்குமுன், இரு திரைகளிலும் தோன்றிய குறியெண் ஒன்றுதானா என்று பார்த்தோம்.

7. அனைத்தையும் ஒரே மூச்சில் அனுப்பாமல், ஆண்டு வாரியாகப் பிரித்து 5 ஜிபி அளவுள்ள தொகுதிகளாக அனுப்பினோம். இடையில் தடைபட்டால், அந்தத் தொகுதியை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்.

நான்காம் பாடம்: தடை ஏற்பட்டால்

கணினியின் பெயர் கைபேசித் திரையில் தோன்றவில்லையென்றால் பொதுவாக மூன்று காரணங்கள் இருக்கலாம். இரு கருவிகளும் வெவ்வேறு வைஃபையில் இணைந்திருக்கலாம். குறிப்பாக ஒன்று விருந்தினர் இணைப்பில் இருந்தால், ரவுட்டரே இரண்டையும் பேசவிடாமல் பிரித்து வைக்கும். கணினியின் வலையமைப்பு பொது என்று குறிக்கப்பட்டிருந்தால், அதன் பாதுகாப்பு அரண் உள்வரும் கோப்பைத் தடுக்கும். உங்கள் சொந்த வீட்டு வைஃபைக்கு மட்டும் அதைத் தனியார் என்று மாற்றலாம். கைபேசியில் மின்சேமிப்பு முறை இயங்கினாலும் தேடல் தடைபடும்.

பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம், கணினி உறக்க நிலைக்குச் செல்வதுதான். எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. மூன்றாம் தொகுதி செல்லும்போது பேத்தி தேநீர் போடச் சென்றார், நானும் பெரியவரும் பேசிக்கொண்டிருந்தோம், மடிக்கணினி உறங்கிவிட்டது. உறக்க நேரத்தை மாற்றியமைத்துவிட்டு எஞ்சிய தொகுதிகளை அனுப்பினோம். இடைவேளைகளையும் சேர்த்து ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று.

ஐந்தாம் பாடம்: சரிபார்க்காமல் நீக்காதீர்

இக்கட்டுரையின் முதன்மையான பகுதி இது. இதற்கு முன் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், என் தந்தையார் ஊரில் வயலருகே நின்று பேசிய காணொளிகளைக் கைபேசியின் நினைவக அட்டையிலிருந்து கணினிக்கு மாற்றினேன். நகலெடு என்பதைத் தேர்வதற்கு மாறாக, நகர்த்து என்பதைத் தேர்ந்துவிட்டேன். பாதியில் மின்தடை. அவற்றுள் மூன்று காணொளிகள் அங்கும் இல்லை, இங்கும் திறக்கவில்லை. அவர் அடுத்த ஆண்டு காலமானார்.

இரட்டைப் பதிவு முறையின் அடிப்படையை வணிகவியல் மாணவர் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே படிக்கிறார். ஒவ்வொரு பற்றுக்கும் அதற்கு நிகரான வரவு இருத்தல் வேண்டும். இரு பக்கமும் ஒத்துப்போகும் வரை கணக்கை முடிப்பதில்லை. கோப்பு மாற்றத்திலும் இதுவே விதி. எப்போதும் நகலெடுங்கள்; நகர்த்தாதீர்கள். பெற்ற பக்கம் சரிபார்க்கப்படும் வரை கொடுத்த பக்கத்தைத் தொடாதீர்கள்.

சரிபார்ப்பதற்கு மூன்று படிகள் உண்டு: எண்ணிக்கை, மொத்த அளவு, திறந்து பார்த்தல்.

பெரியவரின் கைபேசியில் தேர்ந்த கோப்புகள் 1,246. கணினியின் கோப்புறையில் இருந்தவை 1,245. ஒன்று குறைகிறது. எது என்று கண்டுபிடிக்க, கைபேசியிலும் கணினியிலும் கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தினோம். முதல் வரியிலேயே வேறுபாடு தெரிந்தது. எல்லாவற்றிலும் பெரிதான, 5 ஜிபி அளவுள்ள காணொளியைக் காணோம். கணினி உறங்கியபோது சென்றுகொண்டிருந்த கோப்பு அதுதான். அது அந்தத் தம்பதியரின் மணிவிழாக் காட்சி. எண்ணிப் பார்க்காமல் கைபேசியைத் துடைத்திருந்தால், 1,245 கோப்புகள் வந்துவிட்ட மகிழ்ச்சியில் அதனை இழந்திருப்போம். மீண்டும் அனுப்பினோம். பெரிய கோப்பு நெடுநேரம் வழியில் இருப்பதால், தடைபடும் வாய்ப்பும் அதற்கே மிகுதி.

அடுத்து மொத்த அளவு. கைபேசி 38 ஜிபி என்றது. கணினியோ 35.4 ஜிபி என்றது. பெரியவரின் முகம் வாடிவிட்டது. ஆனால் இங்கு எதுவும் குறையவில்லை. பல கைபேசிகள் 1 ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் 1,024ஐ மும்முறை பெருக்கி, 107 கோடிக்கும் சற்று மிகுந்த பைட்டை 1 ஜிபி என்கிறது. அளவுகோல் வேறு, பொருள் ஒன்றே. காசோலை வழங்கிய நாளில் உங்கள் ஏட்டிலும் வங்கி ஏட்டிலும் இருப்பு வேறுபட்டுத் தோன்றுவதில்லையா? அதற்காகவே வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிக்கிறோம். இங்கும் அதுபோலவே செய்யலாம். கணினியில் கோப்புறையின் பண்புகளைத் திறந்தால், ஜிபிக்கு அருகில் முழு எண்ணாகப் பைட் அளவும் தரப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கைபேசி காட்டும் அளவோடு ஒப்பிட்டால் வேறுபாடு மறைந்துவிடும்.

கடைசியாகத் திறந்து பார்த்தல். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றையும், பெரிய காணொளிகள் அனைத்தையும் திறந்து, தொடக்கம், நடு, இறுதி என மூன்று இடங்களில் ஓடவிட்டுப் பார்ப்பது நன்று. ஐபோனில் எடுத்த படம் கணினியில் திறக்கவில்லையென்றால் கெட்டுவிட்டது என்று கருத வேண்டாம். அது ஹெச்இஐசி என்னும் வடிவில் இருக்கக்கூடும். அதற்குரிய நீட்சியைக் கணினியில் நிறுவினால் திறக்கும்.

ஆறாம் பாடம்: இரண்டாம் நகல்

கணினியில் உள்ள ஒரே நகலும் என்றேனும் கெடக்கூடும். ஆகவே வேறொரு கருவியில் இன்னொரு நகல் தேவை. பென் டிரைவ் ஒன்றில் நகலெடுக்க முயன்றோம். அதில் 64 ஜிபி காலியாக இருந்தும், மணிவிழாக் காணொளியை மட்டும் ஏற்க மறுத்தது. எஃப்ஏடி32 என்னும் பழைய அமைப்பில் வடிவமைக்கப்பட்ட சேமிப்புக் கருவி, 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்பதில்லை. மொத்த இடம் எவ்வளவு இருந்தாலும் இதுவே நிலை. எக்ஸ்ஃபேட் என்னும் அமைப்புக்கு மாற்றினால் இத்தடை நீங்கும். விண்டோஸ், மேக் இரண்டிலும் அது இயங்கும். அவ்வாறு மாற்றும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். முதலில் அதைக் காலி செய்துவிட்டே மாற்ற வேண்டும்.

ஏழாம் பாடம்: பாதுகாப்பு

கோப்புப் பகிர்வின் பெயரால் நடக்கும் ஏமாற்றுகளில், கம்பியில்லா அலையை இடைமறித்துத் திருடுவதைவிட, நாமே கதவைத் திறந்துவிடுவதால் நேரும் இழப்புகளையே வங்கியில் நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம். எனவே பின்வருவனவற்றை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

தடைசெய்யப்பட்ட செயலிகளைப் பயன்படுத்தாதீர். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடைசெய்த 59 செயலிகளில், கோப்புப் பகிர்வுக்குப் பெயர்பெற்ற ஷேர்இட், ஸெண்டர் ஆகியவையும், ஆவணங்களைப் படியெடுக்கும் கேம்ஸ்கேனரும் அடங்கும். அவற்றின் பழைய நகல்களைக் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பெற்று நிறுவுவது தகாது.

ஏபிகே என்று முடியும் கோப்பு எவரிடமிருந்து வந்தாலும் திறக்காதீர். அது படமோ ஆவணமோ அன்று. உங்கள் கைபேசியில் நிறுவப்படும் செயலி. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கியின் வாடிக்கையாளர் விவரப் படிவம் எனப் பல பெயர்களில் அது வாட்ஸ்அப்பில் வருகிறது. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையைப் பெற்று, ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கவர்ந்து செல்கிறது. எந்த வங்கியும் தன் செயலியை வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்புவதில்லை.

கோப்பை மாற்ற உதவுவதாகச் சொல்லித் திரைப்பகிர்வுச் செயலியை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கோப்பை அனுப்புவதற்கு உங்கள் திரையை வேறொருவர் பார்க்க வேண்டியதில்லை. அறிமுகமற்றவர் தொலைபேசியில் இவ்வாறு கேட்டால், அந்த அழைப்பை உடனே துண்டியுங்கள்.

அனைவருக்கும் தெரியும்படி வைத்த பகிர்வு வசதியை வேலை முடிந்ததும் மறைத்துவிடுங்கள். ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ எதிர்பாராமல் ஒரு கோப்பை ஏற்கச் சொல்லித் திரையில் கேள்வி எழுந்தால் மறுத்துவிடுங்கள்.

நகலகக் கணினிக்கு ஆதார், பான் அட்டைகளின் படத்தை அனுப்பி அச்செடுத்தால், அச்செடுத்ததும் அங்கேயே நின்று, பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கச் செய்யுங்கள். முழு எண் தேவைப்படாத இடத்தில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள். கோப்பின் அளவைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் அறிமுகமற்ற இணையதளங்களில் இத்தகைய ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

இவ்வளவும் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளர் தம் கடவுச்சொல் முதலியவற்றைப் பிறருக்குத் தந்த கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு முழுவதையும் அவரே ஏற்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியின் பொறுப்பு. ஆகவே ஐயம் எழுந்த அக்கணமே வங்கிக்குத் தெரிவியுங்கள். தேசிய இணையக்குற்ற உதவி எண் 1930. வெட்கத்தாலோ வீட்டார் கடிந்துகொள்வார்கள் என்ற அச்சத்தாலோ தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குச் சென்றுகொண்டே இருக்கும்.

எட்டாம் பாடம்: பழைய கைபேசியை விடுமுன்

கோப்புகளை மாற்றுவோர் பலர் அடுத்துச் செய்வது, பழைய கைபேசியை விற்பது அல்லது வீட்டில் உள்ள வேறொருவருக்குக் கொடுப்பது. அதற்கு முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை: இரு நகல்களும் சரியாக உள்ளனவா என்று பார்த்தல், புதிய கைபேசியில் வங்கிச் செயலியும் யுபிஐ செயலியும் இயங்குகின்றனவா என்று உறுதிசெய்தல், பழையதில் அவற்றின் பதிவை நீக்குதல், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுதல், சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்தல், இறுதியாக, அமைப்புகளில் உள்ள தொழிற்சாலை மீட்டமைப்பைச் செய்தல். வரிசை மாறினால், புதியதிலும் நுழைய இயலாமல் பழையதையும் துடைத்துவிட்ட நிலை ஏற்படும். அந்நிலையில் கிளைக்கு வருவோரையும் நாங்கள் கண்டதுண்டு.

அந்த ஞாயிறன்று மாலைக்குள் பெரியவரின் பணி முடிந்தது. 1,246 கோப்புகளும் கணினியில் இருந்தன. வேறிடத்தில் நகலும் இருந்தது. பிறகுதான் கைபேசியிலிருந்து பழைய காணொளிகளை நீக்கத் தொடங்கினோம். அப்போதும் ஒரே ஒரு காணொளியை நீக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சமையலறையில் நின்றபடி அவர் மனைவி ஏதோ கடிந்துகொள்ளும் 40 நொடிக் காட்சி அது. அதை அப்படியே விட்டுவிட்டு வங்கிச் செயலியின் புதிய பதிப்பை நிறுவினோம். இப்போது இடம் போதுமானதாக இருந்தது.

மறுநாள் அவர் கிளைக்கு வரவில்லை. வழக்கம்போல் வீட்டிலிருந்தே இருப்பைப் பார்த்துக்கொண்டார் என்று பேத்தி செய்தி அனுப்பியிருந்தார். உங்கள் வீட்டிலும் நினைவகம் நிறைந்த கைபேசி ஒன்று இருக்கக்கூடும். வரும் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கொடுத்ததையும் பெற்றதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஐயம் இருப்பின், கைபேசியைக் கடையில் விட்டுச் செல்லுமுன் உங்கள் கிளையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.